நாற்பத்தைந்துக்குப் பிறகு முகத்துக்கு எது: கடலை மாவா, பார்லரா, பார்மசியா, டொக்டரா?

என் இடது கன்னம் வலது கன்னத்தை விடக் கறுப்பு. எனக்கு 49 வயது. ஏன் அப்படி என்று கண்டுபிடிக்க ஆறு வருடமும், கூட்டிப் பார்க்க மனம் வராத அளவு காசும் போய்விட்டது. அதனால்தான் "அக்கா, எந்தக் கிறீம் நல்லது?" என்று யாராவது கேட்டால் உடனே ஒரு பெயரைச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

கேட்பவர்களும் சும்மா கேட்பதில்லை. ஒருவருக்கு 46 வயது, மூக்கின் இரண்டு பக்கமும் மங்கு இறங்கிவிட்டது, பார்லரில் ஆறு தடவைக்கு ஒரு பக்கேஜ் சொல்லியிருக்கிறார்கள், காசைக் கட்டுவதா விடுவதா என்று தெரியவில்லை. கிண்ணியாவில் இருந்து இன்னொருவர், 52, முகம் இழுத்துப் பிடித்த மாதிரிக் காய்கிறது, கட்டாரில் இருக்கிற மகள் ரெட்டினோல் அனுப்பியிருக்கிறாள், பூசப் பயமாக இருக்கிறது என்கிறார். மூன்றாமவருக்கு மூன்று கிழமையில் மகனின் கலியாணம். மூன்று பேருக்கும் ஒரே டப்பாவைக் கையில் கொடுக்க முடியாது. அதனால் திருகோணமலையில் நமக்குக் கைக்கெட்டும் வழிகளை எல்லாம் ஒரே தராசில் வைத்துப் பார்க்கலாம்.

## முதலில் தராசு

நாற்பத்தைந்துக்குப் பிறகு வருவதை எல்லாம் "முகம் பழுதாப் போச்சு" என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். அவிழ்த்தால் உள்ளே மூன்று வேறு வேறு விசயம் இருக்கும்.

ஒன்று வறட்சி. மாதவிடாய் நிற்கிற காலத்தில் ஈஸ்ட்ரஜன் என்ற ஹோர்மோன் குறையக் குறைய, தோலின் எண்ணெயும் அது ஈரத்தைப் பிடித்து வைக்கிற சக்தியும் குறைகின்றன. மே மாதம் கச்சான் காற்றுத் தொடங்கினால் கொடியில் போட்ட சீலை அரை மணித்தியாலத்தில் காய்கிற ஊர் இது, முகம் மட்டும் எப்படித் தப்பும்? இரண்டாவது கறுப்பு: மங்கு, புள்ளி, கண்ணுக்குக் கீழே நிழல். மூன்றாவது சுருக்கமும் தொய்வும். மாதவிடாய் நின்ற முதல் ஐந்து வருடத்தில் தோலை இறுக்கிப் பிடிக்கிற கொலாஜன் என்ற புரதத்தில் ஏறத்தாழ 30 வீதம் போய்விடுகிறது, பிறகு வருடத்துக்கு 2 வீதம் அளவில் குறைந்துகொண்டே போகிறது. நம் நிறத்துத் தோலில் கோடு பிந்தித்தான் வரும், கறுப்பு முந்தி வரும். வெள்ளைக்காரத் தோலுக்கு எழுதிய விளம்பரத்தைப் பார்த்துச் சுருக்கத்துக்கு வாங்கி, மங்குக்குப் பூசிக்கொண்டிருக்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர்.

இவற்றில் வயதின் பங்கு எவ்வளவு, வெயிலின் பங்கு எவ்வளவு என்று அறிய ஆய்வுகூடம் தேவையில்லை. சட்டைக் கையை மடித்து மேற்கையின் உட்பக்கத்தைப் பாருங்கள், பிறகு கையைத் திருப்பி முழங்கைக்குக் கீழே வெளிப்பக்கத்தைப் பாருங்கள். இரண்டு இடத்துக்கும் ஒரே வயது, ஒரே தாய் தகப்பன், ஒரே சாப்பாடு. இடையில் தெரிகிற வித்தியாசம் பெரும்பாலும் வெயில் போட்ட கணக்கு.

இனி ஒவ்வொரு வழியிடமும் கேட்க வேண்டியவை:

- இந்த மூன்றில் எதற்கு இது?
- பலன் தெரிய எத்தனை கிழமை?
- வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு? (டியூப்பின் விலையை மட்டும் பார்க்காமல் ஓட்டோக் காசு, லீவு எடுத்த நாள் எல்லாம் சேர்த்து.)
- நம் ஊர் வெப்பத்திலும் வேர்வையிலும் தாங்குமா?
- நிறுத்தினால் என்ன நடக்கும்?

கடைசிக் கேள்வியைக் கடையில் யாரும் கேட்பதில்லை, நானும் கேட்டதில்லை. சில சாமான்களை நிறுத்தினால் முகம் பழைய இடத்துக்கு மெல்ல வரும், அதில் நட்டமில்லை. சிலவற்றை நிறுத்தினால் பழைய இடத்தையும் தாண்டிக் கீழே போகும். அந்த இரண்டாவது வகைதான் முதல் பத்து நாளில் பார்க்க மிக அழகாக வேலை செய்யும்.

## நிழலும் சன்ஸ்கிறீனும்

என் கன்னத்தின் கதை இங்கேதான் வருகிறது. வீடு உப்புவெளிப் பக்கம், வேலை நகரத்தில். காலையில் ஸ்கூட்டியில் தெற்கே போகும்போது சூரியன் கிழக்கே, கடற்பக்கம், அதாவது எனக்கு இடது பக்கம். பின்னேரம் வடக்கே திரும்பும்போது சூரியன் மேற்கே போயிருக்கும், அதுவும் இடது பக்கம். 14 வருடம் ஒரே கன்னத்தை வெயிலில் காயவைத்துக்கொண்டு, இரவில் இரண்டு கன்னத்துக்கும் கிறீம் பூசிக்கொண்டிருந்திருக்கிறேன்! ஹெல்மெட்டில் கண்ணாடி இருந்தது, மேலே தூக்கி விட்டிருந்தேன். முகப்பூச்சு அதில் ஒட்டுமாம்.

முகில் இல்லாத நாளில் இங்கே நண்பகலில் புற ஊதாச் சுட்டெண் வருடத்தின் பெரும்பகுதி 11ஐத் தொடும், அல்லது தாண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் அதற்கு மேலே படியே கிடையாது. ஆகவே காசில்லாத பாதுகாப்பை முதலில் எடுங்கள். தடித்த கறுத்தத் துணிக் குடை, அகல விளிம்புத் தொப்பி, பத்து மணியில் இருந்து மூன்று மணி வரை வெளி வேலையைக் குறைப்பது, ஹெல்மெட் கண்ணாடியைக் கீழே இறக்குவது. பொலிகார்பனேட் கண்ணாடி புற ஊதாக் கதிரின் பெரும்பகுதியைப் பிடித்துவிடும். ஆனால் குடை மட்டும் போதும் என்று நினைக்க வேண்டாம். டச்சுக் குடா மணலில் நின்று பாருங்கள், வெளிச்சம் கீழே இருந்து தெறித்துத் தாடைக்கு வரும்.

அடுத்தது சன்ஸ்கிறீன். எஸ்.பி.எஃப். 30 என்றால் தோலைச் சுடுகிற யூ.வி.பி. கதிரில் ஏறத்தாழ 97 வீதத்தையும், 50 என்றால் 98 வீதத்தையும் தடுக்கும், 100 என்று எழுதியதற்கு இரட்டைக் காசு கொடுப்பதில் பெரிய வித்தியாசமில்லை. பார்க்க வேண்டியது பக்கத்தில் உள்ள 'பி.ஏ.+++' குறி, அல்லது 'பிரோட் ஸ்பெக்ட்ரம்' என்ற சொல். சுருக்கத்தையும் கறுப்பையும் கொண்டுவருகிற யூ.வி.ஏ. கதிருக்கு அதுதான் சாட்சி. யூ.வி.ஏ. சன்னல் கண்ணாடியையும் கடந்து வரும், பஸ்ஸில் யன்னலோரம் இருந்து தம்பலகாமம் போய் வருகிற ஆசிரியைகள் இதைக் கவனிக்க வேண்டும். மங்கு உள்ளவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கண்ணுக்குத் தெரிகிற ஒளியே நம் நிறத்துத் தோலில் மங்கைக் கூட்டும், வெள்ளை நிறச் சன்ஸ்கிறீன் பல அதைத் தடுக்காது. அவர்கள் இரும்பு ஒக்சைட் சேர்ந்த, தோல் நிறத்திலேயே வருகிற டின்டட் வகையைத் தேடிப் பார்த்து வாங்கலாம். முகம் சாம்பல் பூசின மாதிரித் தெரியாது என்பது கூடுதல் லாபம்.

மறைந்த செலவு அளவில் இருக்கிறது. முகத்துக்கும் கழுத்துக்கும் சுட்டுவிரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கு வேண்டும், ஏறத்தாழ 1.2 கிராம். 50 கிராம் டியூப் ஒன்று நாளுக்கு ஒரு தடவைக்கே 41 நாள்தான் வரும், வருடத்துக்கு ஒன்பது டியூப். ஒரு டியூப்பை ஒரு வருடம் வைத்திருக்கிறேன் என்று பெருமைப்படுகிறவர் உண்மையில் பூசவில்லை. வெளியே நிற்கிற நாளில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை திரும்பப் பூச வேண்டும் என்பதையும் சேர்த்தால் கணக்கு இன்னும் ஏறும். அதனால்தான் குடையை முதலில் சொன்னேன். நிழல் கூடக் கூட டியூப் குறையும். நண்பகல் லுஹர் தொழுகைக்கு வுழூச் செய்கிறவர்கள் முகம் கழுவிய பிறகு பூசிக்கொண்டால், வெயில் உச்சிக்கு நிற்கிற நேரத்துக்கே அது புதிதாக இருக்கும்.

பலன்? ஆஸ்திரேலியாவின் நம்பூர் என்ற ஊரில் 55 வயதுக்குக் குறைந்த 903 பேரை நாலரை வருடம் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2013இல் வெளியானது. ஒவ்வொரு நாளும் பூசியவர்களின் தோல், விரும்பினால் மட்டும் பூசியவர்களின் தோலை விட 24 வீதம் குறைவாக மூப்படைந்திருந்தது. அவர்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோல்காரர், உண்மைதான். எண்ணை அப்படியே நமக்குப் பொருத்த முடியாது, திசையைப் பொருத்தலாம். நிறுத்தினால் அன்றில் இருந்து வெயில் பழைய வேலையைத் தொடங்கும், வேறு கெடுதி இல்லை.

## வீட்டுச் சாமான்

கடலை மா, பயத்தம் மா, மஞ்சள், கற்றாழை, தேங்காய் எண்ணெய், தயிர். இவற்றைப் பழிக்க எனக்கு மனமில்லை, அம்மாவின் கை வாசம் அவற்றில் இருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றும் எந்த வேலைக்கு என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

தேங்காய் எண்ணெய் வறண்ட கை கால்களுக்கு மிக நல்லது. குளித்து, ஈரம் முழுக்கக் காய முன்னம் தேய்த்தால் அந்த ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும். முகத்தில் பருக்கள் வருகிறவர்களுக்கு மட்டும் துவாரத்தை அடைக்கும். பயத்தம் மா எண்ணெயை நன்றாக எடுக்கும். இருபது வயதில் அது வரம், ஐம்பதில் எடுக்க எண்ணெய் எங்கே இருக்கிறது? காய்ந்த முகத்தை இன்னும் காயவைக்கும், அதுவும் கரகரவென்று தேய்த்தால் மங்கு கூடும். கற்றாழை வெயில் பட்ட தோலைக் குளிர்விக்கும், ஆனால் முதலில் காதுக்குப் பின்னால் பூசி ஒரு நாள் பார்த்துவிட்டுப் பாவியுங்கள், சிலருக்குக் கடிக்கும். மஞ்சளைப் பற்றிச் சொன்னால் 2020 ஞாபகம் வருகிறது. இறக்குமதி நின்று, கறிக்கே மஞ்சள் இல்லாமல் நின்ற வருடம். அந்த வருடம் முழுக்க நான் முகத்துக்குப் பூசவில்லை, முகத்தில் ஒரு மாற்றமும் தெரியவில்லை என்பதையும் நேர்மைக்காகச் சொல்ல வேண்டும்.

ஒன்றை மட்டும் கட்டாயம் விடுங்கள்: தேசிக்காய். அதன் புளிப்பு தோலைச் சுடும் என்பது பாதிதான். தேசிக்காய்ச் சாறு பட்ட இடத்தில் வெயிலும் பட்டால் அந்த இடம் தீப்பட்ட மாதிரிச் சிவந்து, பிறகு மாதக்கணக்கில் கறுத்துக் கிடக்கும். கறுப்பைப் போக்கப் பூசி, கறுப்பை விலைக்கு வாங்குகிற வேலை.

வீட்டுச் சாமான் வறட்சிக்கு உதவும், மங்குக்கும் சுருக்கத்துக்கும் பெரிதாக உதவாது. செலவு என்று பார்த்தால் நேரம்தான். மறைந்த செலவு வேறு: மங்கு ஆழமாக இறங்கிக்கொண்டிருக்கும்போது இரண்டு வருடம் கடலை மாவோடு காத்திருப்பது.

## பார்லர்

பார்லருக்குப் போகாதே என்று சொல்ல மாட்டேன், நானே மாதம் ஒரு தடவை புருவம் எடுக்கப் போகிறேன். கதிரையில் சாய்ந்து, யாரோ ஒருவர் நெற்றியைப் பிடித்துவிட, அரை மணித்தியாலம் வீட்டில் இருந்து ஒருவரும் "அம்மா" என்று கூப்பிடாமல் இருப்பதற்கு ஒரு விலை உண்டென்றால் கொடுக்கலாம். ஆனால் அந்த விலை ஓய்வுக்கு.

பேஷியலில் நடப்பது இதுதான்: மசாஜ் பண்ண இரத்த ஓட்டம் கூடும், கிறீமால் மேல்தோல் ஈரமாகி உப்பும், இறந்த செல் கொஞ்சம் போகும். இரண்டு மூன்று நாள் முகம் பளிச்சென்று இருக்கும், பிறகு பழையபடி. தங்க பேஷியல், வைர பேஷியல், பழ பேஷியல் எல்லாவற்றிலும் கை ஒன்றுதான், விலைதான் வேறு. பிளீச் என்பது முகத்து மயிரின் நிறத்தை வெளுக்கவைப்பது. தோல் வெளுத்ததாகத் தெரிவது மயிர் பொன்னிறமானதால். எரிந்தால் நம் தோலில் அந்த இடம் கறுக்கும்.

மங்கு உள்ளவர்களுக்கு நீராவி பிடிப்பது நல்லதில்லை, வெப்பமே மங்கைக் கூட்டும். முன் சொன்ன 46 வயதுக்காரர் காசைக் கட்ட முன்னம் பார்லரில் இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: பூசப் போகிற கிறீமின் டப்பாவைக் காட்டுவீர்களா, ஆறாவது தடவைக்குப் பிறகு நிறுத்தினால் என்ன ஆகும்? டப்பாவைக் காட்ட மறுத்தால் எழும்பி வந்துவிடுங்கள்.

## பார்மசி அலுமாரி

காசுக்கு உண்மையான வேலை நடக்கிற இடம் இதுதான், பிழை விடுகிற இடமும் இதுதான்.

வறட்சிக்குப் பெரிய பெயர்கள் தேவையில்லை. கிளிசரின், யூரியா, செராமைட் என்று ஏதாவது எழுதிய வாசமில்லாத மொயிஸ்சரைசர், அதற்கு மேல் இரவில் ஒரு பொட்டு வசலின். வசலினைப் போல ஈரத்தை உள்ளே அடைத்து வைக்கிற சாமான் விலை கூடிய டப்பாக்களிலும் அரிது. சவர்க்காரத்தை விட்டு, நுரை குறைந்த பேஸ்வொஷ்ஷுக்கு மாறினாலே பாதி இழுவை போய்விடும். பலன் ஒரு கிழமையில் தெரியும், நிறுத்தினால் வறட்சி திரும்பும், அவ்வளவுதான்.

மங்குக்கு நியசினமைட், அசலாயிக் அசிட், வைட்டமின் சி. மெதுவான ஆட்கள், எட்டு முதல் பன்னிரண்டு கிழமை பொறுக்க வேண்டும், சன்ஸ்கிறீன் இல்லாமல் மூன்றுமே வீண். வைட்டமின் சி சீரத்துக்கு நம் ஊர் ஆகாது. வெப்பமும் வெளிச்சமும் பட்டுத் தேத்தண்ணி நிறத்துக்கு வந்துவிட்டால் அதில் மருந்து இல்லை, எறியுங்கள். ஒன்லைனில் ஓடர் பண்ணிய பார்சல் மூன்று நாள் லொறியில் வெந்து வந்திருக்கும் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

சுருக்கத்துக்குச் சான்று கூடிய பூச்சு ரெட்டினோய்ட் குடும்பம். அதில் ட்ரெட்டினொயின் டொக்டரின் துண்டுக்கு வாங்க வேண்டியது. ரெட்டினோல் அதன் மெலிந்த தங்கை, தோலுக்குள் போய் இரண்டு படி மாறிய பிறகுதான் வேலை செய்யும், அதனால் எரிச்சலும் குறைவு, வேகமும் குறைவு. கட்டாரில் இருந்து வந்த டியூப்புக்குப் பயப்படத் தேவையில்லை, அவசரப்படவும் கூடாது. இரவில் மட்டும். முகம் கழுவி, துவாயால் ஒற்றி, முழுக்கக் காய்ந்த பிறகு ஒரு கடலைப் பருப்பு அளவு முழு முகத்துக்கும். முதல் மாதம் கிழமையில் இரண்டு இரவு, கண்ணோரம், மூக்கு மடிப்பு, வாயோரம் விட்டு. மேலே மொயிஸ்சரைசர். காய்ந்த தோலுக்கு மொயிஸ்சரைசரை முதலில் பூசி, அதன் மேல் இதைப் பூசலாம். தோல் கொஞ்சம் உரியும், அது வழக்கம். நெருப்பு மாதிரி எரிந்தால் நிறுத்துங்கள், எரிந்த தோல் நம் நிறத்தில் கறுப்பாகத்தான் ஆறும். மூன்று முதல் ஆறு மாதம் பொறுக்க வேண்டும். பிள்ளை தங்கியிருக்கிறவர்களும் தங்க வாய்ப்புள்ளவர்களும் இந்தக் குடும்பத்தையே தொடக் கூடாது. நாற்பத்தாறில் மாதவிடாய் தள்ளிப் போவதால் இனி இல்லை என்று நினைக்கிறவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இங்கே மறைந்த செலவு ஒன்றுக்கு மேல் ஒன்றாக வாங்குவது. ஒரே மாதத்தில் மூன்று புதுச் சாமான் தொடங்கினால், முகம் சிவக்கும்போது யார் குற்றவாளி என்று தெரியாது. ஒன்றைத் தொடங்கி ஆறு கிழமை கழித்து அடுத்தது.

## பெயரில்லாத டப்பா

இதை ஒரு வழியாகக் கணக்கில் எடுக்கக் கூடாது. ஆனாலும் நம் ஊரில் அதிகமானவர்கள் முதலில் போகிற வழி இதுதான், நானும் போனேன்.

மச்சாளின் மகளின் கலியாணத்துக்கு ஒரு மாதம் முன்னம், ஒரு பேன்சிக் கடையில் வாங்கினேன். வெள்ளை டப்பா, மூடியில் ரோசாப் பூ, 'நைட் கிறீம்' என்ற சொல். உள்ளே என்ன என்றோ, எங்கே செய்தது என்றோ, திகதியோ ஒன்றும் இல்லை. மூடியைத் திறந்தால் வெள்ளித் தாள், அதற்குக் கீழே வாசமான மஞ்சள் பசை. பத்தாம் நாள் முகம் நிலவு மாதிரி. கலியாண வீட்டில் எல்லோரும் கேட்டார்கள், நானும் சிரித்துக்கொண்டே இரண்டு பேருக்குக் கடையைச் சொன்னேன், அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கம். மூன்றாம் மாதம் அடுப்படியில் நின்றால் கன்னம் எரிந்தது. கன்னத்தில் நூல் மாதிரிச் சிவந்த நரம்புகள் தெரிந்தன. நிறுத்தினேன், நாலாம் நாள் முகம் வீங்கிச் சிவந்து, உப்புத் தூள் போட்ட மாதிரிக் குரு. திரும்பப் பூசினால் உடனே அடங்கியது. அப்போதுதான் விளங்கியது, யார் யாரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று.

ஸ்டீரொய்ட் என்றார் தோல் டொக்டர், டப்பாவைப் பார்க்கத் தேவையே இல்லாமல், முகத்தைப் பார்த்தே. இப்படிப்பட்ட டப்பாக்களில் இருப்பது பெரும்பாலும் மூன்றில் ஒன்று அல்லது எல்லாம்: கடும் ஸ்டீரொய்ட், அளவு தெரியாத ஹைட்ரோகுயினோன், பாதரசம். ஸ்டீரொய்ட் தோலை மெலியவைக்கும். ஹைட்ரோகுயினோனை வருடக்கணக்கில் பூசினால் நீலக் கறுப்பாக ஒரு நிறம் ஏறும், அதை எடுப்பது மிகக் கடினம். பாதரசம் சிறுநீரகத்தைப் பிடிக்கும், தலையணையிலும் துவாயிலும் ஒட்டிப் பிள்ளைகளுக்கும் போகும். அழகு சாதனங்களில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் இருந்தால் அவற்றைச் செய்யவோ, நாடு விட்டு நாடு கொண்டுபோகவோ கூடாது என்று பாதரசத்தைக் கட்டுப்படுத்துகிற சர்வதேச மினமாட்டா உடன்படிக்கை 2020இல் இருந்து தடுத்தது, 2025க்குப் பிறகு பாதரசம் சேர்த்த எல்லா அழகு சாதனத்துக்கும் அந்தத் தடை. கடைத் தட்டுகளுக்கு அது இன்னும் போய்ச் சேரவில்லை. லேபலில் கலோமெல், மெர்குரஸ் குளோரைட், அம்மோனியேட்டட் மெர்குரி என்று எதைக் கண்டாலும் பாதரசம்தான். லேபலே இல்லாவிட்டால் கேள்வியே இல்லை. முறைப்பாடு சொல்ல நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கம் இருக்கிறது.

என்னைப் போல ஏற்கனவே பூசிக்கொண்டிருக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றிரவே எறிந்துவிட வேண்டாம், முதலில் டொக்டரிடம் போங்கள். ஸ்டீரொய்ட்டைப் படிப்படியாக இறக்க வேண்டிவரலாம். எனக்கு எட்டு மாதம் எடுத்தது.

## தோல் டொக்டர்

அரச வைத்தியசாலையில் தோல் கிளினிக்குக்குக் காசு இல்லை, ஒரு காலை நேரம் போகும். தனியாரில் சனல் பண்ணினால் காசு போகும், நேரம் மிஞ்சும். எந்தக் கிறீமும் செய்யாத ஒரு வேலையை டொக்டர் செய்வார்: இது மங்குதானா என்று பார்ப்பது.

ஏனென்றால் கறுப்பெல்லாம் மங்கில்லை. கழுத்தைச் சுற்றி வெல்வெட் துணி மாதிரித் தடித்துக் கறுப்பது பல நேரம் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம், அதற்குத் தேய்க்க வேண்டியது கிறீம் இல்லை, பார்க்க வேண்டியது சீனி. நெற்றியோரமும் காதோரமும் கறுத்தால் தலைக்குப் பூசுகிற டையைச் சந்தேகப்படுங்கள், கறுப்பு டையில் உள்ள பி.பி.டி. என்ற சாயப் பொருள் ஒவ்வாமல் அப்படி ஆகும். 'கறுப்பு மருதாணி' என்று விற்பதிலும் பல நேரம் அதுதான் இருக்கிறது. பொட்டு வைக்கிற இடம் மட்டும் வெளுத்தால் ஒட்டுப்பொட்டின் பசை காரணமாக இருக்கலாம். என் பெரியம்மா அதைப் பத்து வருடம் பெரிய பொட்டு வைத்து மறைத்தார், அதாவது காரணத்தைக் கொண்டே காயத்தை மூடினார். தோல் திடீரென்று காய்ந்து மயிரும் கொட்டினால் தைரொயிட்டாக இருக்கலாம். புதிதாக வந்து, வடிவம் மாறுகிற, இரத்தம் கசிகிற மச்சத்துக்கு ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம்.

போகும்போது முகத்தில் பூசுகிற எல்லா டியூப்பையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள், வெட்கப்பட்டு ஒளிக்கிற அந்த ஒன்றையும். குளிசை விவரமும் சொல்லுங்கள், கர்ப்பத்தடைக் குளிசையால் மங்கு கூடும். மங்குக்குக் கொடுக்கிற மூன்று கலப்புக் கிறீம் ஒன்று உண்டு, ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினொயின், ஒரு ஸ்டீரொய்ட். டொக்டர் சொன்ன சில கிழமைக்கு அது மருந்து, அதே டியூப்பைத் துண்டில்லாமல் திரும்பத் திரும்ப வாங்கினால் மேலே சொன்ன ரோசாப் பூ டப்பா. மங்குக்கே கொடுக்கிற டிரனெக்சாமிக் அசிட் குளிசையையும் அயல் வீட்டு அக்காவிடம் கேட்டு வாங்காதீர்கள், இரத்தம் கட்டுகிற வருத்தம் உள்ளவர்களுக்கு அது ஆபத்து.

## கொழும்புக்குப் போய் ஊசி, லேசர்

சுருக்கத்துக்கும் தொய்வுக்கும் இதுதான் வேகமானது, மறுப்பதற்கில்லை. போடொக்ஸ் நெற்றிக் கோட்டின் தசையைத் தளரவைக்கும், மூன்று நாலு மாதம் நிற்கும், ஆக வருடத்துக்கு மூன்று தடவை இரவு பஸ், ஒரு நாள் லீவு, சாப்பாடு, தங்கல். நிறுத்தினால் கோடு பழையபடி வரும், அதைவிட மோசமாக வராது. லேசரில்தான் எனக்குப் பயம். நம் நிறத்துக்குப் பழகாத கை சூட்டைக் கொஞ்சம் கூட்டினால் மங்கு இரண்டு மடங்காகும். அதற்குப் பிறகு திரும்பி வந்து ஸ்கூட்டியில் உப்புவெளி வெயிலில் போகிற ஆளுக்கு அந்தக் காசு மணலில் ஊற்றின தண்ணீர். குளுட்டதயோன் 'வெள்ளை ஊசி'யை இந்தப் பட்டியலில் சேர்க்கவே மாட்டேன்.

| வழி | எதற்கு | பலன் தெரிய | நிறுத்தினால் |
|---|---|---|---|
| நிழல், சன்ஸ்கிறீன் | மூன்றுக்கும் | மாதங்கள், வருடங்கள் | வெயில் வேலையைத் தொடரும் |
| வீட்டுச் சாமான் | வறட்சி | சில நாள் | வறட்சி திரும்பும் |
| பார்லர் பேஷியல் | பளபளப்பு, ஓய்வு | உடனே | மூன்று நாளில் பழையபடி |
| மொயிஸ்சரைசர் | வறட்சி | ஒரு கிழமை | வறட்சி திரும்பும் |
| ரெட்டினோல் | சுருக்கம், கொஞ்சம் கறுப்பு | 3–6 மாதம் | மெல்லக் குறையும் |
| டொக்டரின் மருந்து | மங்கு, காரணம் அறிய | 2–3 மாதம் | வெயில் பட்டால் மங்கு திரும்பலாம் |
| போடொக்ஸ் | கோடு | இரண்டு கிழமைக்குள் | 3–4 மாதத்தில் கோடு வரும் |
| பெயரில்லாத டப்பா | எதற்கும் இல்லை | பத்து நாள் | முன்னை விட மோசம் |

## சரி, அந்த மூன்று பேருக்கும்

46 வயதுக்காரர் பார்லர்ப் பக்கேஜை விட்டுவிட்டு, அந்தக் காசில் ஒரு தடவை தோல் டொக்டரைப் பார்த்து, மிச்சத்துக்கு டின்டட் சன்ஸ்கிறீனும் நல்ல குடையும் வாங்கலாம். புருவத்துக்குப் பார்லர் இருக்கவே இருக்கிறது.

கிண்ணியாக்காரருக்கு முதலில் வறட்சி தீர வேண்டும். ஒரு மாதம் வாசமில்லாத மொயிஸ்சரைசரும் வசலினும், இழுவை போன பிறகு மகளின் ரெட்டினோல் கிழமையில் இரண்டு இரவு. அதுவும் கச்சான் அடங்கி மழை தொடங்குகிற மாதங்களில் தொடங்கினால் உரிவது குறையும். அதுவரைக்கும் டியூப் மூடியபடி குளிர்சாதனப் பெட்டியில் இருக்கட்டும், அடியில் உள்ள திகதியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மகனின் கலியாணத்துக்கு மூன்று கிழமை உள்ளவரே, புதிதாக ஒன்றும் தொடங்க வேண்டாம். ரெட்டினோலுக்கு நேரமில்லை, பிளீச் எரிந்தால் ஆற நேரமில்லை, டப்பாவின் கதையைச் சொல்லிவிட்டேன். இரவும் காலையும் மொயிஸ்சரைசர், உதட்டுக்கு வசலின், கார்ட் கொடுக்கப் போகும்போது குடை. தலைக்கு டை பூசுகிறதென்றால் இரண்டு நாள் முன்னமே காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்துப் பாருங்கள், பழக்கமான டை என்றாலும். பேஷியல் ஆசையாக இருந்தால் ஐந்து நாள் முன்னம் நீராவியும் பிளீச்சும் இல்லாத சாதாரண ஒன்று, புருவமும் அன்றைக்கே. முந்தின நாள் இரவு பலகாரச் சட்டிக்குப் பக்கத்தில் நிற்காமல், அந்த வேலையை மச்சாள்மாரிடம் விட்டுவிட்டுப் பத்து மணிக்குப் படுங்கள்.